ஜூலையில் வந்தாளா, ஆகஸ்டில் வருவாளா

டோக்கியோ
ஆகஸ்ட் 7

அண்ணிக்கு,

சொல்லாமல் கிளம்பி வந்துவிட்டேன். கோபமாக இருப்பீர்கள். முதல் கப்பலைப் பிடிக்க வேண்டியிருந்தது, நீங்கள் தூங்கிக்கொண்டிருந்தீர்கள் என்று எழுதலாம். ஆனால் பின்பக்கத்து வீட்டில் உங்கள் விளக்கு எரிந்ததைப் பார்த்தேன். பார்த்துவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டு போனேன். தொலைபேசியில் பேசினால் உங்களுக்குக் காது கேட்காது, அதனால் எழுதுகிறேன். என் எழுத்து எப்படி இருக்கும் என்று உங்களுக்குத் தெரியும். பதினைந்து வயதில் பள்ளிக்கூடத்தை விட்டுக் கணவாய் மீன் காயப்போடப் போனவள்.

நீங்கள் சொன்னது இன்னும் காதிலேயே இருக்கிறது. "கட்டிக் கொடுத்த பொண்ணுக்கு இந்த வாசல்ல வெள்ளை விளக்கு கட்டக் கூடாது. ஒபோனுக்கு அவ புருஷன் வீட்டுக்குத்தான் வருவா." சரி. என் வீட்டுக்காரர், உங்கள் தம்பி, இருந்தால் என்ன சொல்லியிருப்பாரோ, அவரும் இல்லை. அதனால்தான் வெள்ளைக் காகித விளக்கையும் கொளுத்துகிற சணல் குச்சிகளையும் எடுத்துக்கொண்டு மாப்பிள்ளை வீட்டுக்கே வந்தேன். என் பொண்ணு சிஹோ செத்துப்போன பிறகு, போனவர்கள் வீடு திரும்பும் முதல் ஒபோன். வருகிறவளுக்கு யாராவது வாசலில் நெருப்புக் காட்ட வேண்டாமா?

மாப்பிள்ளை சோஹெய் ஸ்டேஷனுக்கு வந்திருந்தார். பாதியாக இளைத்துவிட்டார். சாப்பிடக் கூட்டிப்போனார். அங்கே சோறு கொண்டுவந்தது ஒரு பொம்மை, அண்ணி. பூனை முகம். சக்கரத்தில் உருண்டு வந்து என் முன்னால் நின்று, சூடாக இருக்கிறது, பார்த்து எடுங்கள் என்றது. நான் எழுந்து குனிந்து வணக்கம் சொன்னேன்.

"அம்மா, அது மெஷின்" என்றார். என்னை அம்மா என்றுதான் கூப்பிடுவார்.

"இருக்கட்டுமே மாப்ள. சோறு கொண்டு வந்திருக்கே."

அவர் சிரித்தார். பிப்ரவரியில் அவள் போன பிறகு அவர் சிரித்து இப்போதுதான் பார்க்கிறேன். அந்த மெஷினுக்கு இன்னொரு வணக்கம் போட்டேன்.

வீட்டுக்கு வந்ததும் பையைத் திறந்து எல்லாவற்றையும் மேசையில் எடுத்து வைத்தேன். விளக்கு, குச்சி, மண்தட்டு, அவள் குதிரையாக ஏறி வர வெள்ளரிக்காய், மாடாக ஏறித் திரும்பிப் போகக் கத்தரிக்காய். அவர் பார்த்துக்கொண்டே நின்றார்.

"இதெல்லாம் எதுக்கும்மா?"

"பதிமூணாந்தேதிக்கு."

"ஒபோன் போன மாசமே முடிஞ்சு போச்சே. இங்க ஜூலைலதானே."

டோக்கியோவில் நமக்கு ஒரு மாதம் முன்னாலேயே ஒபோன் வந்து போய்விடுமாம். உங்களுக்கு இது தெரியுமா? எனக்கு யாரும் சொல்லவில்லை. "அப்ப ஜூலைல நீங்க நெருப்பு காட்டினீங்களா?" என்று கேட்டேன். அந்த நாட்களில் வேலையாக ஒசாகா போயிருந்தாராம். கல்லறைக் கட்டடத்தில் எல்லாருக்கும் சேர்த்து மந்திரம் சொல்லியிருப்பார்கள் என்றார். சொல்லிவிட்டுக் கத்தரிக்காயைக் குளிர்பெட்டியில் வைக்கப் போய்விட்டார்.

அப்படியென்றால் என்ன அர்த்தம்? ஜூலையில் அவள் வந்து, பூட்டின கதவைப் பார்த்துவிட்டுப் போய்விட்டாளா? இல்லை, இனிமேல்தான் வருவாளா? ஒன்றும் புரியவில்லை. நீங்கள் கோபத்தோடாவது பதில் எழுதுங்கள்.

கினுயே


சாதோ தீவு
ஆகஸ்ட் 9

கினுயேவுக்கு,

உன் கடிதம் வந்தது. கோழி கிளறின மாதிரி இருக்கிறது, இருந்தாலும் படித்துவிட்டேன்.

விளக்கு எரிந்தது. நீ பார்த்ததை நானும் பார்த்தேன். போ என்றுதான் பேசாமல் உட்கார்ந்திருந்தேன்.

என் தோட்டத்தில் இரண்டு வெள்ளரிக்காயைக் காணோம். நன்றாக வளைந்த காயாகப் பார்த்துப் பறித்திருக்கிறாய். குதிரைக்கு வளைந்த கழுத்துத்தான் நல்லது, அதில் குறை சொல்ல மாட்டேன். கேட்டுவிட்டுப் பறித்திருக்கலாம். சணல் குச்சியை மொத்தமாக வாரிக்கொண்டு போயிருக்கிறாய். டோக்கியோவையே கொளுத்தப் போகிறாயா?

நீ கேட்டதற்காகக் கோயிலுக்குப் போய்ப் பிக்குவிடம் விசாரித்தேன். "ஜூலையும் சரி, ஆகஸ்டும் சரி, ரெண்டும் சரிதான்" என்கிறார். "அப்ப செத்தவ ரெண்டு தடவை வருவாளா?" என்று கேட்டேன். "வெயில்ல வந்திருக்கீங்க, டீ குடிங்க" என்றார். இவருடைய அப்பா பிக்குவாக இருந்தபோது இப்படிச் சொல்ல மாட்டார். தப்பாகவாவது ஒன்றைத்தான் சொல்வார்.

நான் சொல்கிறேன், கேட்டுக்கொள். சிஹோ முப்பத்தாறு வருஷம் வாழ்ந்தாள். அதில் பதினெட்டு ஆகஸ்ட் நம் வாசலில் குந்தி உட்கார்ந்து நெருப்பு மூட்டினவள். ஜூலை கணக்கு அவள் காலுக்குத் தெரியாது. ஆகஸ்டில்தான் வருவாள். ஆனால் வருவது புருஷன் வாசலுக்கு. பதிமூன்றாம் தேதி வெயில் தாழ்ந்ததும் அங்கே நெருப்பு மூட்டு. கல்லறைக்கு முதல் நாளே போய்க் கல்லைக் கழுவு. மாப்பிள்ளை கழுவியிருக்க மாட்டார்.

நம் வாசலில் விளக்குக் கட்டச் சொல்லி மறுபடியும் எழுதாதே. அது என் அப்பா வைத்த வழக்கம். சிஹோவுக்கு மட்டும் இல்லை. எனக்கும் அதேதான்.

பூனை சாப்பிடுகிறது. உன்னைத் தேடவில்லை.

மசுயோ


டோக்கியோ
ஆகஸ்ட் 13

அண்ணிக்கு,

உங்கள் கடிதத்தைப் படிக்க அரை நாள் ஆனது. அவ்வளவு கடினமான எழுத்துகள் எதற்கு? நடுவில் சில வரிகளை விட்டுவிட்டேன். கல்லைக் கழுவு என்பதும் நெருப்பு மூட்டு என்பதும் புரிந்தன. இரண்டையும் செய்யப் போய் இரண்டும் கெட்டுப்போயின.

நேற்று நான் மட்டும் கல்லறைக்குப் போனேன். மாப்பிள்ளை இரண்டு அட்டைகள் கொடுத்திருந்தார். ஒன்று ரயிலுக்கு. ஒன்று சிஹோவைப் பார்க்க. இரண்டும் ஒரே அளவு. ஸ்டேஷன் வாசலில் ஒன்றை எடுத்து வைத்தேன். கத்திக்கொண்டே கதவு இரண்டும் மூடிக்கொண்டன. மறுபடி வைத்தேன், மறுபடி கத்தியது. பின்னால் வந்தவர்கள் ஒரு வார்த்தை திட்டாமல் தண்ணீர் மாதிரி இரண்டு பக்கமும் ஒதுங்கிப் போனார்கள். நம் ஊராக இருந்தால் திட்டிக்கொண்டாவது என்ன தப்பென்று சொல்லியிருப்பார்கள். கையைப் பார்த்தேன். நான் வைத்தது சிஹோவின் அட்டை. அங்கேயே ஓரமாக நின்று கொஞ்ச நேரம் அழுதேன்.

கல்லறை இருப்பது ஒரு கட்டடம், அண்ணி. பக்கத்தில் காய்கறிக் கடை. லிஃப்டில் ஏறிப் போனால் சின்னச் சின்ன அறைகள். அட்டையை வைத்தால், காத்திருங்கள் என்று திரையில் வருகிறது. சுவருக்குப் பின்னால் சக்கரம் உருளுகிற சத்தம். எனக்குச் சோறு கொண்டுவந்த பூனை ஞாபகம் வந்தது. பிறகு சுவர் திறந்தது, பெயர் வெட்டின கல் வந்து நின்றது. நான் அவளைப் பார்க்கப் போனேன். அவள் எழுந்து என்னைப் பார்க்க வந்த மாதிரி இருந்தது. சந்தோஷப்படுவதா பயப்படுவதா என்று தெரியவில்லை.

வாளியும் அகப்பையும் கொண்டுபோயிருந்தேன். அங்கே இருந்த பெண் ஓடி வந்தாள்.

"மன்னிச்சுக்கோங்கம்மா, தண்ணி ஊத்தக் கூடாது. உள்ள கரண்ட் இருக்கு."

"அப்ப கல்லை எப்படிம்மா கழுவுறது?"

"கழுவவே வேணாம்மா. இதுல தூசியே படாது."

அவள் நல்ல பெண். பத்துத் தடவை குனிந்தாள். ஆனால் கழுவ முடியாத கல்லுக்கு முன்னால் கையை என்ன செய்வது? பூ ஏற்கெனவே இருந்தது. ஊதுவத்திக்குக்கூட நெருப்பு வேண்டியதில்லை. கையைக் கோத்துக்கொண்டு நின்றேன். வெளியே அடுத்தவர் காத்திருந்தார். வந்துவிட்டேன். நான் வந்த பிறகு அவளை எங்கே கொண்டுபோய் வைப்பார்களோ.

இன்று சாயங்காலம் நடந்ததை எழுதவே கூசுகிறது. மாப்பிள்ளை வேலைக்குப் போயிருந்தார். பதினோராவது மாடி, வீட்டுக் கதவுக்கு வெளியே நீளமான நடை. வாசல் என்றால் அதுதான். மண்தட்டை வைத்துக் குச்சியை உடைத்துப் போட்டுக் கொளுத்தினேன். அரிசி வேகிற நேரம்கூட ஆகவில்லை, கட்டடம் முழுவதும் மணி அடிக்க ஆரம்பித்துவிட்டது. எல்லாரும் படியில் இறங்கினார்கள். கைக்குழந்தைக்காரி, தலையில் துண்டு கட்டின பெண், ஒரு கால் செருப்போடு ஒரு பெரியவர். தீயணைப்பு வண்டியும் வந்தது. நான் தெருவில் நின்று ஒவ்வொருவருக்கும் குனிந்தேன்.

கட்டடத்தைப் பார்த்துக்கொள்பவர் வந்தார். அவருக்கும் என் வயசு இருக்கும்.

"ஏம்மா, நெருப்பு கூடாதுன்னு கீழ எழுதி ஒட்டியிருக்கே, பாக்கலையா?"

"பாத்தேங்க. அவ்வளவு கஷ்டமான எழுத்தெல்லாம் எனக்குப் படிக்க வராது. இன்னைக்கு என் பொண்ணு வர்றா. முதல் ஒபோன்."

"பொண்ணா? பதினொண்ணு, மூணாவது கதவா? அந்தக் கண்ணாடி போட்ட அம்மாவா?"

"ஆமாங்க. ஒரு மாடிக்கு இத்தனை கதவு, எல்லாம் ஒரே நிறம். நெருப்பு இல்லாம எந்தக் கதவுன்னு அவளுக்கு எப்படித் தெரியும்?"

அவர் தொப்பியைக் கழற்றினார். பிறகு, "கதவுகிட்ட நின்னு மாடி நம்பரையும் கதவு நம்பரையும் வாய்விட்டுச் சொல்லுங்க. எங்க அப்பாவுக்கு நான் அப்படித்தான் சொல்றேன். வந்துடுறாருன்னுதான் நினைக்கிறேன்" என்றார். பாதி எரிந்த குச்சியை அவரே தண்ணீரில் நனைத்து எடுத்துக்கொண்டு போனார்.

சொன்னேன். பதினொன்று, மூன்று, பதினொன்று, மூன்று என்று. வெள்ளை விளக்கைக் கட்டக் கதவில் ஆணிகூட இல்லை. ஜூலையில் அவளுக்கு ஆள் இல்லை, ஆகஸ்டில் நெருப்பு இல்லை. அவள் வந்தாளா இல்லையா என்று எதை வைத்துச் சொல்வது? உங்களுக்குப் புரிந்தால் எளிய எழுத்தில் எழுதுங்கள்.

கினுயே


சாதோ தீவு
ஆகஸ்ட் 14, காலை, விரைவு அஞ்சல்

கினுயேவுக்கு,

நீ நெருப்பு மூட்டினாயா என்று இன்னும் கடிதம் வரவில்லை. அதற்குள் நான் எழுத வேண்டியிருக்கிறது. நான் ஒரு காரியம் செய்துவிட்டேன்.

நேற்று உன் பூனைக்குச் சோறு வைக்கப் போனேன். தெருவில் எல்லா வாசலிலும் நெருப்பு. மீன்காரர் வீட்டில் பேரப்பிள்ளைகள் சத்தம் போட்டுக் கூப்பிட்டுக்கொண்டிருந்தன, எனக்கே கேட்டது. நம் வாசல் மட்டும் இருட்டு. நான் சோற்றுக் கிண்ணத்தோடு நின்றேன். இருட்டு வாசலைப் பார்த்துவிட்டு நிற்கலாமா போகலாமா என்று தெரியாமல் நிற்கிற பெண்ணின் கால் எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும்.

உனக்கும் தெரியும், ஆனால் நாம் பேசினதில்லை. இருபத்து நாலு வயதில், பிள்ளை இல்லை என்று புருஷன் வீட்டில் அனுப்பிவிட்டார்கள். துணி மூட்டையோடு வந்தேன். அப்பா ஒரு வார்த்தை திட்டவில்லை. பின்பக்கத்து வீட்டைக் கொடுத்தார். கொடுத்துவிட்டு, "இருக்குற வரைக்கும் இரு. குடும்பக் கல்லறையில மட்டும் இடம் கேக்காதே. வீட்டை விட்டுப் போனவளுக்கு அது இல்ல" என்றார். ஐம்பத்து மூன்று வருஷமாக அந்தக் கல்லைக் கழுவுகிறேன். எனக்கு இல்லாத வாசல் சிஹோவுக்கு இருந்தால், இத்தனை வருஷம் நான் கட்டிக் காத்தது என்ன என்று ஆகிவிடும். அதனால்தான் உன்னிடம் அப்படிக் கத்தினேன். இந்த இடத்தை நீ இரண்டு தடவை படித்துக்கொள், மறுபடி எழுத மாட்டேன்.

விளக்கை நீ கொண்டுபோய்விட்டாய். என் படுக்கையறைக் கதவில் ஒட்டியிருந்த வெள்ளைக் காகிதத்தைக் கிழித்தேன். மூங்கிலை வளைத்து ஒட்டினேன். விளக்கு மாதிரி இல்லை, முட்டைக்கோஸ் மாதிரி இருக்கிறது. வாசலில் கட்டிவிட்டேன். சணல் குச்சியும் இல்லை. அவரைக் கொடிக்கு ஊன்றின குச்சிகளைப் பிடுங்கி எரித்தேன். ஒரே புகை. மீன்காரர் மனைவி ஓடி வந்து, "யாருக்கு அக்கா?" என்று என் காதருகே கத்தினாள். "சிஹோவுக்கு. உனக்கென்ன?" என்றேன். அவள் தன் வாசலில் மிச்சமிருந்த நல்ல குச்சிகளைக் கொண்டுவந்து போட்டாள்.

"உங்கம்மா ஊர்ல இல்லடி. நான்தான் இருக்கேன். உள்ள வா" என்று சொல்லிக் கதவைத் திறந்து வைத்தேன். இரண்டு கிண்ணம் சோறு வைத்தேன். வந்தாளா என்று கேட்காதே. காது கேட்காதவளிடம் கேட்கிற கேள்வி இல்லை அது. ஆனால் பூனை நேற்று வாசற்படியை விட்டு நகரவே இல்லை.

இப்போது எனக்குப் பயமாக இருக்கிறது. நீ அங்கேயும் மூட்டியிருந்தால் இரண்டு வாசலில் நெருப்பு. அவள் எதற்குப் போவாள்? நான் குறுக்கே புகுந்து கெடுத்துவிட்டேனா? பதினாறாம் தேதி வழியனுப்ப வேண்டும். மாடு செய்ய எனக்கு வராது. கத்தரிக்காயில் கால் குத்தினேன், நாய் மாதிரி நிற்கிறது.

என்ன செய்வது என்று எழுது. எனக்குத் தெரியவில்லை.

மசுயோ


டோக்கியோ
ஆகஸ்ட் 15, விரைவு அஞ்சல்

அண்ணிக்கு,

உங்கள் கடிதத்தை நான் படிக்கவில்லை. உங்கள் எழுத்தோடு மல்லுக்கட்டப் பொறுமை இல்லாமல் மாப்பிள்ளையிடம் கொடுத்துப் படிக்கச் சொன்னேன். அதில் உங்கள் மனசில் இருந்ததெல்லாம் இருக்கும் என்று எனக்கு எப்படித் தெரியும்? என்னை மன்னியுங்கள். ஆனால் அவர் படித்தது நல்லதுதான்.

முட்டைக்கோஸ் விளக்கு வரைக்கும் சத்தமாகப் படித்தார். "உள்ள வா" என்ற இடத்தில் குரல் நின்றுவிட்டது. கடிதத்தைக் கீழே வைத்தார்.

"அம்மா, நான் ஒசாகா போகல."

"எப்ப?"

"ஜூலைல. அன்னைக்கு வட்டமா ஊரைச் சுத்துற ரயில்ல ஏறி உக்காந்தேன். இறங்கவே இல்ல. நாள் முழுக்க சுத்திக்கிட்டே இருந்தேன்."

"ஏன் மாப்ள?"

"விளக்கு கட்டினா அவ செத்துட்டான்னு நானே ஒத்துக்கிட்ட மாதிரி ஆயிடுமேம்மா."

எனக்குக் கோபம் வர வேண்டும். வரவில்லை. தினமும் காலையில் அவர் புத்தக அலமாரியில் அவள் படத்துக்கு முன்னால் ஒரு காகிதக் கோப்பைக் காப்பி வைக்கிறார். கடையில் வாங்குவது, அவள் வேலைக்குப் போகும்போது குடிப்பது அதுதானாம். சாயங்காலம் ஆறிப்போனதை அவரே குடிக்கிறார். இதை நான் உங்களுக்கு எழுதாமல் விட்டேன். நீங்கள் சிரிப்பீர்கள் என்று நினைத்தேன். இப்போது நீங்கள் சிரிக்க மாட்டீர்கள்.

நீங்கள் பயப்பட வேண்டாம். இரண்டு வாசலில் நெருப்பு எரியவில்லை. இங்கே என் நெருப்பை அணைத்துவிட்டார்கள், அந்தக் கதையை முன் கடிதத்தில் எழுதியிருக்கிறேன். உங்கள் வாசலில் மட்டும்தான் எரிந்தது. அவள் வந்திருந்தால் அங்கேதான் இருக்கிறாள். நான் அவளைத் தேடி டோக்கியோ வந்தேன். அவள் என்னைத் தேடி ஊருக்கு வந்தாள். அவள் உயிரோடு இருந்தபோதும் நாங்கள் இப்படித்தான், ஒருத்தி ஸ்டேஷன் கிழக்கு வாசலில் நிற்பாள், ஒருத்தி மேற்கு வாசலில் நிற்பாள்.

ஜூலையில் வந்தது யார், அட்டையை வைத்தால் உருண்டு வருவது யார், பதினொன்று மூன்று என்று நான் சொன்னதைக் கேட்டது யார், எனக்கு இன்னும் ஒன்றும் விளங்கவில்லை. மாப்பிள்ளை பெரிய படிப்புப் படித்தவர். அவரைக் கேட்டேன். தெரியவில்லை என்கிறார்.

ஆனால் ஒன்று மட்டும் தெரிகிறது. மாடு என்னிடம் இருக்கிறது. அவள் அங்கே இருக்கிறாள். நாளைச் சாயங்காலம் எதில் ஏறித் திரும்பிப் போவாள்? இதைச் சொன்னதும் மாப்பிள்ளை எழுந்து போய்க் கைப்பேசியில் என்னவோ தட்டினார். "காலைல ஆறு மணிக்கு முதல் ரயில்மா. ரெண்டு டிக்கெட் கிடைச்சுடுச்சு" என்றார். குளிர்பெட்டியில் இருந்து கத்தரிக்காயை எடுத்து, அவள் மதியச் சோறு கொண்டுபோன டப்பாவில் துணி சுற்றி வைத்தார். குதிரை வாடிப்போய்விட்டது, அதையும் விடவில்லை. மாட்டுக்கு நான் ஏற்கெனவே கால் குத்திவிட்டேன். நாலு காலில் நன்றாக நிற்கிறது. உங்கள் நாயையும் பக்கத்தில் வையுங்கள், வழித்துணைக்கு ஆகும்.

அண்ணி, இரண்டாவது தடவை படிக்கச் சொன்ன இடத்தை மாப்பிள்ளை இரண்டு தடவை படித்தார். உங்கள் அப்பா போய்விட்டார். உங்கள் தம்பி போய்விட்டார். இப்போது அந்தக் கல்லறைக்குப் பொறுப்பு நான்தான். நீங்கள் எனக்கு முன்னால் போனால் அங்கேதான் வைப்பேன். நான் முன்னால் போனால், நீங்கள் வரும்போது என்னைக் கொஞ்சம் தள்ளிவிட்டு இடம் போட்டுக்கொள்ளுங்கள், எப்போதும் செய்கிற மாதிரி. பிக்குவைக் கேட்க வேண்டாம். ரெண்டும் சரி என்பார்.

நாளை வெயில் தாழ்வதற்குள் கப்பல் வந்துவிடும் என்று மாப்பிள்ளை சொல்கிறார். இந்தக் கடிதம் எங்களுக்கு முன்னால் வருமா, நாங்கள் வந்து உட்கார்ந்த பிறகு வருமா, அதுவும் தெரியவில்லை. முன்னால் வந்தால் ஒன்று செய்யுங்கள். வருஷா வருஷம் தூக்கம் வருகிறது என்று வெளிச்சம் இருக்கும்போதே வழியனுப்பும் நெருப்பை மூட்டிவிடுவீர்கள். இந்த ஒரு வருஷம் வேண்டாம். அம்மா வருகிறாள், உன் புருஷனும் வருகிறார் என்று அவளிடம் சொல்லுங்கள். இன்னொரு கிண்ணம் சோறு வையுங்கள். உங்களுக்குக் கேட்காவிட்டால் பரவாயில்லை, நாங்கள் வருகிற வரைக்கும் அவளிடம் ஏதாவது பேசிக்கொண்டே இருங்கள்.

கினுயே